"மான் கண் என்று நினைத்தேன்": வேட்டையில் நடக்கும் மர்மக் கதை ஒன்றுக்கு யோசனை தேவை

தென்மராட்சியான்

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வருடமாக ஒரு மர்ம நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். பதினோராம் அத்தியாயத்தில் நின்றுவிட்டது. தனியே இருந்து மண்டையை உடைப்பதை விட இங்கே கேட்டால் வழி பிறக்கும் என்று வந்திருக்கிறேன்.

கதை இதுதான். 1976 ஆவணி. தென்மராட்சியில் கண்டி வீதியோரம் ஒரு சின்னப் பட்டணம், இன்னும் பெயர் வைக்கவில்லை. சந்தை, வாசிகசாலை, பிள்ளையார் கோயில், தவறணை, இரண்டு புடவைக் கடைகள். நான்கு சிநேகிதர்கள்: கடை முதலாளி, பள்ளிக்கூட வாத்தியார், காணி உறுதி எழுதும் நொத்தாரிசு, லொறிக்காரர். வருடத்தில் மூன்று நான்கு தடவை வன்னிக்கு வேட்டைக்குப் போகிறவர்கள். அந்த முறையும் ஒரு ஏ-40 காரும் லொறியுமாக ஆனையிறவு தாண்டி, முறிகண்டியில் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு, மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான் பக்கம் போகிறார்கள். முதல் இரண்டு இரவும் நல்ல வேட்டை. மூன்றாம் இரவு வாத்தியார் செத்துப்போகிறார். "இருட்டுக்குள் இரண்டு கண் மின்னியது. மான் கண் என்று நினைத்து வெடி வைத்துவிட்டேன்" என்று கடை முதலாளி அழுதுகொண்டே சொல்கிறார். மற்ற இருவரும் சாட்சி. மரண விசாரணையில் விபத்து என்று முடிகிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் அதற்குப் பிறகு வருகிறது. பிரேதம் காரில் வருகிறது. முதல் இரண்டு நாள் அடித்த மரை இறைச்சி லொறியில் வருகிறது. யாரோ அதைப் பழுதாகவிடக் கூடாது என்று வழக்கம்போலப் பங்கு போட்டு, ஓலையில் கட்டி வீடு வீடாகக் கொடுத்துவிடுகிறார்கள். செத்த வீட்டைத் தவிர ஊர் முழுக்க அன்றிரவு அந்த இறைச்சி வேகிறது. அதன் பிறகு அந்த ஊரில் யாரும் அந்த இரவைப் பற்றி வாய் திறப்பதில்லை.

கேள்வி: உண்மை எங்கிருந்து வெளியே வரலாம்? வாசகர் முதல் ஐம்பது பக்கத்திலேயே கொலைகாரனைக் கண்டுபிடித்துவிடுவாரோ என்ற பயமும் இருக்கிறது.

நல்லூர் வாசகன்

கண்டுபிடிக்கட்டும் தம்பி. அதற்கு ஏன் பயப்படுகிறீர்கள்? நான் முப்பது வருடமாக மர்மக் கதைகள் வாசிக்கிறேன். யார் செய்தது என்பதை மட்டும் மறைத்து வைத்த புத்தகங்களை ஒரு முறைக்கு மேல் தொட்டதில்லை. எங்கள் ஊர்களில் இரகசியம் என்றால் தெரியாத விசயம் இல்லையே. எல்லோருக்கும் தெரிந்து ஒருவரும் கதைக்காத விசயம்தான். கிடுகு வேலி எதற்கு இருந்தது? உள்ளே நடப்பது தெரியாமல் இருப்பதற்கு. அதே வேலியில் பொட்டும் இருந்தது, பக்கத்து வீட்டுக்காரர் போய் வர. இரண்டும் ஒரே வேலிதான்.

அதனால் அந்த இறைச்சிப் பங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பங்கை வாங்கினவர், வாங்கிவிட்டு நாய்க்குப் போட்டவர், வாங்க மறுத்துக் கதவைச் சாத்தினவர். மறுத்தவர் யார் என்பதுதான் எனக்குப் பெரிய மர்மமாகப் படுகிறது. ஏனென்றால் அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது.

இன்னுமொன்று, இதை மனவருத்தத்தோடு சொல்கிறேன். பின்னால் யுத்தம் வந்தது, ஆவணங்கள் எரிந்தன, சாட்சிகள் போய்விட்டார்கள் என்று கதையின் ஓட்டையெல்லாம் அடைக்காதீர்கள். 1981இல் நூலகம் எரிந்ததும் ஈழநாடு அலுவலகம் எரிந்ததும் உண்மை. உங்கள் முடிச்சை ஒளித்து வைக்கிற அலுமாரி இல்லை அது. நான்கு பேர் செய்த பாவம் அந்த நான்கு பேரோடு நிற்க வேண்டும்.

முத்தையன்கட்டான்

தம்பி, நான் 1960களின் கடைசியில் மிளகாய்த் தோட்டம் செய்ய முத்தையன்கட்டுக்குப் போனவன். அப்போது யாழ்ப்பாணத்திலிருந்து வேட்டைக்கு வருகிறவர்களுக்கு எங்கள் கொட்டில்தான் சத்திரம். ஆகவே சிலதைச் சொல்லலாம்.

ஆவணி சரியான மாதம். காட்டுக்குள் சின்ன மடுக்கள் எல்லாம் வற்றி, மிருகங்கள் மிஞ்சியிருக்கிற தண்ணீருக்கு வந்துதான் ஆக வேண்டும். கரையில் பரண் கட்டியோ பள்ளம் தோண்டியோ காவல் இருப்பார்கள். அங்கே எதிரி ஆட்காட்டிக் குருவி. ஒரு ஆள் அசைந்தாலும் கத்திக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் அந்தப் பெயர். உங்கள் கதையில் அந்த இரவு ஆட்காட்டி எத்தனை முறை, எந்தப் பக்கத்தில் கத்தியது என்று யாராவது ஞாபகம் வைத்திருக்கலாம்.

யானையைப் பற்றி நிறைய எழுதாதீர்கள். அங்கேயிருந்த பழைய ஆட்கள் கூடப் பயந்தது கரடிக்கு. பாலைப்பழக் காலத்தில் கரடியின் எதிரில் போய்ப் பட்டவர்களை முகத்தைப் பார்த்தே அறியலாம்.

துவக்கு விசயத்தில் கவனம். கடை முதலாளியிடம் இருப்பது லைசன் எடுத்த தோட்டாத் துவக்கு. காட்டுவாசி வழிகாட்டியிடம் இருப்பது இடியன். குழாயின் வாய்வழியாக வெடிமருந்து போட்டு, தும்பு வைத்து இடித்து, அதன் மேல் சின்னக் குண்டுகளான சன்னம் போட்டு மறுபடியும் இடிப்பது. தோட்டாத் துவக்கு வெடித்தால் வெறும் தோட்டாக் கோது மிஞ்சும். இடியன் வெடித்தால் புகை மட்டும்தான். எந்தத் துவக்கு வெடித்தது என்று நீங்கள் முடிவெடுத்தால் பாதிக் கதை தானாக வந்துவிடும். கட்டுத்துவக்கு என்று இன்னொன்றும் இருக்கிறது. விலங்குப் பாதையில் கம்பி கட்டி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். இன்றைக்கும் அதில் மாட்டி ஆட்கள் கால் இழக்கிறார்கள், சாகிறார்கள். அதை வெறும் கதைப் பொருளாக எழுதாதீர்கள், தயவுசெய்து.

கடைசியாக ஒன்று. மான் கண் என்று நினைத்தேன் என்கிற வசனம். ரோச் லைட் அடித்தால் மானுக்கு, மரைக்கு, முதலைக்கு எல்லாம் கண் நெருப்புப் பொறி மாதிரித் திருப்பி மின்னும். அனுபவக்காரன் நிறத்தையும் உயரத்தையும் வைத்தே என்ன மிருகம் என்று சொல்லிவிடுவான். மனிதனுடைய கண் அப்படி மின்னாது. எத்தனையோ இரவு ஒருவர் முகத்தில் ஒருவர் ரோச் அடித்திருக்கிறோம், ஒரு நாளும் மின்னியதில்லை. இருபது தடவை வேட்டைக்குப் போன உங்கள் முதலாளி அப்படிச் சொன்னால், கேட்டுக்கொண்டிருக்கிற கூட்டத்தில் ஒரு வேட்டைக்காரன் இருந்தாலே பொய் என்று பிடித்துவிடுவான்.

வைத்தியன்

ஐயா சொன்னது முழுக்கச் சரி. அந்த மிருகங்களுக்குக் கண்ணின் பின்பக்கத்தில் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. மனிதருக்கு அது கிடையாது.

காயத்தைப் பற்றியும் சொல்கிறேன். சன்னத் துவக்கால் மிக அருகில் சுட்டால் சன்னம் எல்லாம் ஒன்றாகப் போய் ஒரே துளையாக இருக்கும். சுற்றிவரக் கரியும் மருந்துப் பொட்டுகளும் படிந்திருக்கும். தூரம் கூடக் கூடச் சன்னம் பரந்து, தனித்தனித் துளைகளாகும். இடியனாக இருந்து, மிக அருகில் சுட்டிருந்தால், இடித்த தும்பு காயத்துக்குள்ளேயே கிடக்கும். பிரேத பரிசோதனை செய்கிறவர் இதையெல்லாம் பார்ப்பார். கட்டுத்துவக்கு என்றால் காயம் பெரும்பாலும் முழங்காலுக்கும் தொடைக்கும் நடுவில். நெஞ்சில் பட்டிருந்தால் கட்டுத்துவக்கு என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

சன்னத்தில் ஒரு சங்கடம் உண்டு. இந்தத் துவக்குகளின் குழாய் உள்ளே வழுவழுப்பாக இருப்பதால், இந்தச் சன்னம் இந்தத் துவக்கிலிருந்துதான் வந்தது என்று அடையாளம் காட்ட முடியாது. கோதில் ஊசி குத்திய தடத்தை வைத்துத்தான் சொல்லலாம். ஐயா சொன்ன அந்தக் கோது உங்கள் கதையில் எங்கே போனது தம்பி?

சட்டப்புத்தகம்

கொலைக்குக் காரணம் இன்னும் சொல்லவில்லையே. பெண் விவகாரம், கள்ளக் கடத்தல் என்று வெளியே போய்த் தேடாதீர்கள். யாழ்ப்பாணத்தில் காரணம் காணிக்குள்ளேயே கிடக்கிறது.

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமைப்படி, கல்யாணம் செய்த பெண் தன் சொந்தச் சீதனக் காணியைக் கூடக் கணவனுடைய எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. கணவன் கையொப்பம் வைக்க மறுத்தால் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். 1976இல் எத்தனை பெண்கள் போயிருப்பார்கள்? கணவன் செத்தால் அந்தக் கட்டு அறுந்துவிடும். உங்கள் வாத்தியார் கையொப்பம் வைக்க மறுத்துக்கொண்டிருந்த ஒருவர் என்று வையுங்கள். சந்தைக்குப் பக்கத்தில் மனைவியின் காணி. முதலாளிக்கு அது வேண்டும். மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இறக்குமதித் தடை இருந்த காலம், யாழ்ப்பாணத்தில் காசு புரண்டது, சந்தை ஓரக் காணிக்கு விலை ஏறியது. எல்லாம் பொருந்துகிறது.

இன்னொரு வழியும் உண்டு. பங்குக் காணியை வெளியாருக்கு விற்கும் முன் பங்காளிக்குத்தான் முதலில் கேட்க வேண்டும். அதற்கு 1947இல் தனிச் சட்டமே வந்தது. ஒருவர் குறுக்கே நிற்கும்வரை ஒன்றும் நடக்காது.

நொத்தாரிசை வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனது அருமையான யோசனை. உறுதி எழுத நொத்தாரிசும் இரண்டு சாட்சியும் வேண்டும். திரும்பி வந்த மூன்று பேரைப் பாருங்கள்: நொத்தாரிசு, லொறிக்காரர், காணியை வாங்கப்போகிற முதலாளி. காட்டில் சாட்சி சொன்ன இருவரில் ஒருவர் உறுதியை எழுதுகிறார், மற்றவர் அதிலும் ஒரு சாட்சி.

ஒரு திருத்தம். பத்தாம் அத்தியாயத்தை முன்பு இங்கே போட்டிருந்தீர்கள். அதில் "முல்லைத்தீவு மாவட்டப் பொலிஸ்" என்று இருந்தது. முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978இல்தான். அதுவரை அந்தப் பக்கம் வவுனியா மாவட்டம். "விதானையார்" என்று எழுதியது பரவாயில்லை. 1963இலேயே கிராம சேவகர் என்று பெயர் மாறிவிட்டாலும் சனங்கள் விதானையார் என்றுதான் கூப்பிட்டார்கள்.

தென்மராட்சியான்

நான் என்ன சொல்ல! ஒரு வருடம் யோசித்து வராதது ஒரே நாளில் வந்துவிட்டது. கண் மின்னாது என்கிற விசயம் எனக்குத் தெரியவே தெரியாது ஐயா. அந்த வசனத்தைச் சும்மா ஒரு பேச்சாகத்தான் எழுதினேன். சின்ன வயதில் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. இனி முழு நாவலும் அதன் மேல்தான் நிற்கப்போகிறது. வேட்டையே தெரியாத ஒரு பட்டணத்தில் அந்தப் பொய் நாற்பது வருடம் நிற்கும். பிறகு வன்னியிலிருந்து கல்யாணம் செய்து வரும் ஒரு மருமகள் சமையலறையில் அதைக் கேட்டுவிட்டு, "மாமி, ஆக்களின்ர கண் மின்னாதே" என்று சொல்கிறாள். அந்த இடத்தில் அத்தியாயம் முடிகிறது.

நல்லூர் வாசகன்

வாசிக்கும்போதே எனக்குப் புல்லரிக்கிறது. இதை எழுதி முடியுங்கள் தம்பி.

ஒழுங்கை முகப்பு

இந்த இழையை மூன்று நாளாக வாசித்துக்கொண்டு இருக்கிறேன். எழுதுவதா விடுவதா என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

என் அம்மாவின் தமையன், எனக்குப் பெரியமாமா, 1972இல் வன்னியில் வேட்டைக்குப் போன இடத்தில் வெடி பட்டுச் செத்தவர். முப்பத்தொரு வயது, கல்யாணம் செய்யவில்லை. அம்மாவுக்கு அப்போது பதினேழு. ஊர், பெயர் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

வெடி வைத்தவர் மாமாவின் நெருங்கிய சிநேகிதர். எங்கள் வீட்டு முற்றத்தில் விழுந்து அழுதார் என்று சொல்வார்கள். அவர் சொன்ன வசனம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பாடம்: "ரெண்டு கண் மின்னிச்சுது அம்மா, மான் எண்டு நினைச்சிட்டன்." அம்மம்மா அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எட்டுச்செலவுக்கும் அந்தியேட்டிக்கும் அவர்தான் முன்னின்று ஓடித் திரிந்தார். அதன் பிறகு வருடா வருடம் கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலத்தில் முதல் கூடை எங்கள் வீட்டுக்கு வரும். என் அம்மாவின் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டது அவர். "மகனைக் கொன்றவனையே மன்னித்த மனிசி" என்று அம்மம்மாவை ஊரில் சொல்வார்கள். நாங்கள் அதில் பெருமைப்பட்டு வளர்ந்த பிள்ளைகள்.

இப்போது முத்தையன்கட்டு ஐயா எழுதியதை வாசித்தபிறகு என்னால் நித்திரை கொள்ள முடியவில்லை.

தென்மராட்சியான்

அக்கா, மன்னித்துக்கொள்ளுங்கள். இது ஒரு வீட்டுக்குள் இப்படிப் போய் விழும் என்று நான் நினைக்கவே இல்லை. நீங்கள் சொன்னால் இந்த இழையை மூடச் சொல்லிக் கேட்கிறேன். நாவலையும் நிறுத்திவிடுகிறேன்.

முத்தையன்கட்டான்

பிள்ளை, நான் எழுதியதால்தானே இது. அதனால் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. பொறுமையாக வாசியுங்கள்.

மனிதக் கண் மின்னாது என்பது உண்மை. ஆனால் காட்டில் இரவில் மின்னுவது கண் மட்டும் இல்லை. துவக்குக் குழாய் மின்னும், இடுப்புப் பட்டியின் பூட்டு மின்னும், தண்ணீர்ப் போத்தல் மின்னும், பனி விழுந்த இலை கூட மின்னும். மூன்று இரவு நித்திரை இல்லாமல் இருக்கிறவனுக்கு நினைத்ததெல்லாம் மானாகத் தெரியும். நானே ஒரு தடவை பாலை மரக் குற்றியைக் கரடி என்று நினைத்து வெடி வைத்தவன். பக்கத்தில் ஆள் நின்றிருந்தால் நானும் கொலைகாரன்தான். மூக்குக் கண்ணாடி போட்ட ஒருவர் ரோச் வெளிச்சத்துக்கு நேரே திரும்பினால் இரண்டு கண்ணும் மின்னுவது போலவே இருக்கும். மாமா கண்ணாடி போடுகிறவரா? அப்படியென்றால் அந்த மனிதர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வராதீர்கள்.

வைத்தியன்

ஐயா சொல்வதை நானும் வழிமொழிகிறேன். எதிர்பார்த்துக்கொண்டு இருக்கிற மனம் இருட்டில் எதையும் உருவாக்கிக் காட்டும். வெடி வைத்த பிறகு, தன்னையே சமாதானப்படுத்த "கண் மின்னியது" என்று ஒருவர் நம்பத் தொடங்குவதும் நடக்கிறதுதான். பொய் சொல்கிறோம் என்று தெரியாமலே சொல்கிற பொய். அதைக் கொலை என்று சொல்ல முடியாது.

ஒழுங்கை முகப்பு

மாமா கண்ணாடி போடுகிறவர். வீட்டில் தொங்கும் படத்தில் கறுத்தச் சட்டம் போட்ட தடித்த கண்ணாடி இருக்கிறது. ஐயா, நீங்கள் எழுதியதை வாசித்ததும் சத்தம் போட்டு அழுதேன். நிம்மதியில். நாளைக்கு அம்மாவிடம் போகிறேன்.

சட்டப்புத்தகம்

அம்மாவிடம் கேட்பதா வேண்டாமா என்று ஒரு முறை யோசியுங்கள் தங்கச்சி. அம்மாவுக்கு இப்போது எழுபதுக்கு மேலே இருக்கும். வழக்குப் போடுகிற காலம் இல்லை இது, அந்த மனிதரும் இருப்பாரோ தெரியாது. கேட்ட பிறகு கேட்காதது போல இருக்க முடியாது.

நல்லூர் வாசகன்

நான் இதற்கு உடன்படவில்லை. ஐம்பது வருடம் ஒருவரும் கேட்காததால்தான் அந்த அம்மா இதைத் தனியே வைத்திருக்கிறாரோ என்னவோ. மகள் கேட்காமல் வேறு யார் கேட்பது? மெதுவாகக் கேளுங்கள், சாப்பிட்ட பிறகு கேளுங்கள், பக்கத்தில் இருந்து கேளுங்கள்.

ஒழுங்கை முகப்பு

போய் வந்தேன். நான்கு நாள் எழுதாமல் இருந்ததற்கு மன்னியுங்கள், நிறையப் பேர் தனிமடலில் கேட்டிருந்தீர்கள்.

கண்ணாடியைப் பற்றி மட்டும்தான் கேட்டேன். மாமா அன்றைக்குக் கண்ணாடி போட்டிருந்தவரா அம்மா என்று. அம்மா ஒன்றும் பேசாமல் எழும்பிப் போய் அலுமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். இத்தனை வருடத்தில், எத்தனை இடப்பெயர்வில், அந்த டின் எங்களோடு வந்திருக்கிறது. உள்ளே தைக்கிற சாமான் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு கைக்குட்டை. அதற்குள் மடித்தபடி கண்ணாடி. ஒரு கீறல் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து உடுப்போடு கொடுத்தார்களாம். சட்டைப் பையில், கைக்குட்டையால் சுற்றியபடி இருந்ததாம்.

"கொண்ணர் இரவிலே கண்ணாடி இல்லாமல் கிணத்தடிக்கே போகமாட்டார்" என்று அம்மம்மா அன்றைக்கே அம்மாவிடம் சொன்னாராம். "படுக்கப் போகேக்கைதான் கழட்டிச் சுத்தி வைக்கிறவர்." அவ்வளவுதான். அதற்கு மேல் அம்மம்மா ஒரு நாளும் அதைப் பற்றிக் கதைக்கவில்லையாம். வீட்டில் குமர்ப்பிள்ளை, ஆண்துணை இல்லை, சாட்சி சொன்னவர்கள் எல்லோரும் ஊரில் பெரியவர்கள். இரண்டு வருடம் கழித்து அந்த மனிதர் வந்து, வயலில் மாமாவின் பங்கைத் தனக்குத் தரும்படி கேட்டபோது அம்மம்மா கையொப்பம் வைத்துக் கொடுத்துவிட்டார். அந்தக் காசில்தான் அம்மாவின் கல்யாணம் நடந்தது.

அந்த மனிதர் இப்போது இல்லை. அவருடைய பிள்ளைகள் என்னோடு படித்தவர்கள், நல்லவர்கள். அவர்களிடம் நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை.

தென்மராட்சியான் தம்பி, நாவலை நிறுத்தாதீர்கள். அந்த மருமகள் சமையலறையில் சொல்லட்டும். ஆனால் கண்ணாடியை எழுதாதீர்கள், அது அம்மாவுடையது. வேண்டுமென்றால் மாம்பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கூடை வந்ததும் அம்மம்மா அதை வாங்கி, வந்தவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டு, கொல்லைக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றாக வெட்டி மாட்டுக்குப் போடுவார். எங்களுக்கு ஒன்றும் தரமாட்டார். அம்மம்மாவுக்கு மாம்பழம் பிடிக்காது என்றுதான் நான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.